சிவப்புப் பென்சிலில் அடித்த வரி

தி. நகரில் எங்கள் ஆபீஸ் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது. ஆடித் தள்ளுபடிக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டிருந்த ஒரு மதியம். கீழே லாரியிலிருந்து எவர்சில்வர் அண்டாக்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து அறையில் பிரின்டர் கீச்சுக் கீச்சென்று ஓடிக்கொண்டிருந்தது. என் மேஜையில் ஓரமெல்லாம் துளை போட்ட காகிதம் ஒரு கட்டு, ரிப்பன் மை வாசனை போகாமல் கிடந்தது.

நான் பதினேழாம் பக்கத்தில் இருந்தேன். ஒரே வரியில் மூன்று இடத்தில் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டேன். போட்டுவிட்டு எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டேன். ஒரு வரியில் மூன்று குற்றம் கண்டுபிடிப்பது என்பது அந்த ஆபீஸில் அதுவரை யாரும் செய்யாத காரியம்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது. இத்தனை வாரமாக இந்தத் தொடரில் ஊர்க்கதை, உறவுக்கதை எல்லாம் எழுதிவிட்டு இதை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இனியும் தள்ளினால் நான் எழுதியதெல்லாம் பவுடர் பூசிய முகமாகத்தான் இருக்கும்.

கம்ப்யூட்டரைத் தொடாத வேலை

கோட்டூர்புரத்திலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். பதினோரு வருஷம் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்ததாகச் சொல்கிறீர்கள், ஆனால் ஒரு தடவையாவது கம்ப்யூட்டரைத் தொட்டதாக எழுதவில்லையே, அங்கே என்னதான் செய்தீர்கள் என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. என் மாமியாரும் கடைசிவரை இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு ஆஸ்பத்திரிக்கோ அச்சகத்துக்கோ மென்பொருள் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எங்கள் ஆள் ஒருவர் அங்கே போய் உட்காருவார். வேலை எப்படி நடக்கிறது, என்ன வேண்டும், என்ன கூடாது என்று கேட்டு, எல்லாவற்றையும் வரிக்கு வரி எண் போட்டு, சாதாரண ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வருவார். அதற்கு ஆபீஸில் 'ஸ்பெக்' என்று பெயர். புரோகிராம் எழுதுபவர் அந்த ஆஸ்பத்திரிப் பக்கமே போகமாட்டார். அவருக்கு அந்தக் காகிதத்தில் இருப்பதுதான் உலகம்.

ஆகவே காகிதம் அவர் கைக்குப் போவதற்கு முன்னால் யாராவது ஒருவர் அதைச் சலிக்க வேண்டும். இந்த வரிக்கு ஒரே அர்த்தம்தானா? செய்து முடித்தபின் இது சரியாக வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்க முடியுமா? ஐந்தாம் பக்கத்தில் சொன்னதை முப்பதாம் பக்கம் மறுக்கிறதா? இதையெல்லாம் பார்க்கிற ஆள் நான். கையில் ஒரு பென்சிலும் மூக்கில் ஒரு கண்ணாடியும் போதும்.

அதற்கு முன்னால் ஆழ்வார்பேட்டையில் ஒரு வக்கீல் ஆபீஸில் பத்திரங்களை ஒப்பிட்டுப் படிக்கிற வேலையில் இருந்தேன். ராகவன் சார் தன் கம்பெனிக்கு இடம் பிடித்தபோது அந்த வாடகைப் பத்திரம் என் கையில்தான் வந்தது. மொட்டை மாடியில் ஜெனரேட்டர் வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்பது அதில் எங்குமே இல்லை என்று எடுத்துக் காட்டினேன். அடுத்த மாதமே என்னைக் கூப்பிட்டுக்கொண்டார். கம்ப்யூட்டர் தெரியாதே என்றேன். தெரிந்தவர்கள் எல்லாம் படிக்கத் தெரியாதவர்களாக இருக்கிறார்கள் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் மேஜைக்கு எதிரே சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தேன். ஸ்பெக்கில் வரவே கூடாத சொற்கள். 'சீக்கிரம்', 'பொதுவாக', 'தேவைப்பட்டால்', 'முடிந்தவரை', 'பிறகு', 'முதலியன'. எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருந்தன, உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் வட்டம் போட்டுவிடுவேன். மாதக் கடைசிக் கூட்டத்தில் யார் எத்தனை குற்றம் கண்டுபிடித்தார்கள் என்று ராகவன் சார் உரக்கப் படிப்பார். எப்போதும் என் பெயர்தான் முதலில்.

இந்த வியாதி வீட்டுக்கும் வந்துவிட்டது. மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் என் கணவர் சீக்கிரம் வந்துடறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால், சீக்கிரம்னா எத்தனை மணிக்கு என்று வாசல்வரை துரத்திக்கொண்டு போவேன். சாம்பாரில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்றால், கொஞ்சம்னா எவ்வளவு என்பேன். மனிதர் ஒருநாள் தட்டை நகர்த்தி வைத்துவிட்டார்.

"ஆபீஸ்ல சம்பளம் தரா, கேக்கற. ஆத்துலயும் ஏன் இப்படி எல்லாரையும் கூண்டுல ஏத்திண்டு இருக்க?" என்றார்.

எனக்கு அது பாராட்டாகவே காதில் விழுந்தது. அவ்வளவு கர்வம்.

சேவியர்

அந்தப் பதினேழாம் பக்கத்தை எழுதியவர் சேவியர். எங்கள் அனலிஸ்ட், அதாவது வாடிக்கையாளரிடம் போய் உட்கார்ந்து ஸ்பெக் எழுதி வருகிறவர். சாந்தோம் பக்கம் கடலோரத்துக் குடும்பம். அப்பா கட்டுமரத்தில் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். பாதிரியார்கள் நடத்திய பள்ளியில் படித்து, ராத்திரி வகுப்பில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு வந்தவர். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். என்னை மேடம் என்பார், நான் அவரை வாங்க போங்க என்பேன்.

அவருக்கு ஒரு வழக்கம். மற்ற அனலிஸ்டுகள் எல்லாம் வாடிக்கையாளர் கம்பெனியின் மேனேஜர் அறையில் ஏசியில் உட்கார்ந்து, பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டு கேள்வி கேட்டுவிட்டு வந்துவிடுவார்கள். இவர் மேனேஜரிடம் ஒரு மணி நேரம்தான் பேசுவார். மீதி நாளெல்லாம் கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். அதனாலேயே அவர் ஸ்பெக் தாமதமாகும். அதனாலேயே ராகவன் சாருக்கு அவரைக் கண்டால் எரிச்சல்.

இன்னொரு எரிச்சல் அவருடைய ஆங்கிலம். தப்பில்லாத ஆங்கிலம்தான், ஆனால் பேசுகிற மாதிரி எழுதுவார். ஆட்கள் சொன்னதைச் சொன்னபடியே வைப்பார். கூட்டங்களில் ராகவன் சார் அவருடைய வரியைப் படித்துக் காட்டிச் சிரிப்பார். நாங்களும் சிரிப்போம். ஆபீஸில் தன் தெருப்பேச்சு வாயில் வந்துவிடக் கூடாதே என்று சேவியர் நிறுத்தி நிறுத்திப் பேசுவார், அதற்கும் ஒரு சிரிப்பு இருக்கும். நான் வாய்விட்டுச் சிரித்ததில்லை. மேஜையைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அதில் என்ன பெரிய வித்தியாசம்?

ஒரு வரி, மூன்று வட்டம்

அது அடையாறில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியின் ரத்த வங்கிக்கான மென்பொருள். அந்த நாளில் நோயாளிக்கு ஒரு பை ரத்தம் வேண்டும் என்றால், அவர் சார்பில் யாராவது ஒருவர் வந்து ஒரு பை கொடுத்தாக வேண்டும். கொடுத்தவருக்கு ஒரு நம்பர் தருவார்கள். அந்த டோனர் நம்பரைக் காட்டினால்தான் இருப்பிலிருந்து ரத்தம் வெளியே வரும். நடுவில் ஏதோ பைகள் வெளியாருக்குப் போய்விட்டன என்று ஆஸ்பத்திரி மேனேஜருக்குச் சந்தேகம். நம்பர் இல்லாமல் சீட்டு அச்சாகவே கூடாது, சீட்டு இல்லாமல் பை நகரவே கூடாது, அதுதான் எனக்கு வேண்டும் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சேவியர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு ரத்த வங்கியில் போய் எட்டு நாள் ஸ்டூலில் உட்கார்ந்தார். அங்கே சுகுணா என்று ஒரு டெக்னீஷியன், பல வருஷ அனுபவம். அவசரக் கேஸ் வந்தால் அவர் டாக்டர் போனில் சொன்னதுமே பையை எடுத்துக் கொடுத்துவிடுவார். ஒரு நோட்டில் பென்சிலால் குறித்துக்கொள்வார். சொந்தக்காரர்கள் மறுநாளோ அதற்கு மறுநாளோ வந்து ரத்தம் கொடுத்ததும் அதை அடித்துவிடுவார். மேனேஜருக்கு அந்த நோட்டு இருப்பதே தெரியாது.

அதைப் பார்த்துவிட்டுத்தான் சேவியர் அந்த வரியை எழுதியிருந்தார். மிக அவசரமான நேரத்தில், பணியில் இருக்கும் டாக்டர் தேவை என்று கருதினால், டோனர் நம்பர் இல்லாமலே ரத்தம் தரலாம், நம்பரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். இவ்வளவுதான்.

'மிக அவசரம்' மேல் ஒரு வட்டம்: யார் முடிவு செய்வது? 'கருதினால்' மேல் ஒரு வட்டம்: கருதினார் என்பதை எப்படிச் சோதிப்பது? 'பிறகு' மேல் ஒரு வட்டம்: எத்தனை மணி நேரத்துக்குள்? ஓரத்தில், முந்தைய பக்கத்து விதிக்கு முரண் என்றும் எழுதினேன்.

மறுநாள் கூட்டத்தில் அந்தப் பக்கத்தையே மாதிரிக்கு எடுத்துக் காட்டினேன். நான் நடத்திய கூட்டங்களிலேயே நன்றாக நடந்தது அதுதான். எல்லோரும் சிரித்தார்கள். சேவியர் மட்டும் அந்த அம்மா அப்படித்தான் செய்கிறார்கள் மேடம் என்றார். செய்யலாம், ஆனால் இப்படி எழுதினால் மிஷினுக்குப் புரியாது என்றேன். திரும்பப் போய்க் கேட்டுக்கொண்டு வருகிறேன், டாக்டரையும் பார்க்க வேண்டும், இரண்டு நாள் ஆகும் என்றார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் கேட்ட மூன்று கேள்வியும் தப்பில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அவற்றைத்தான் கேட்பேன். அந்தக் கேள்விகளுக்குப் பதில் அடையாறில் இருந்தது, பஸ் ஏறினால் அரை மணி நேரம்.

திங்கட்கிழமை வருகிறார்கள்

அந்த வருஷம் சென்னையில் ஒவ்வொரு கம்ப்யூட்டர் கம்பெனியும் தரச் சான்றிதழுக்குப் பேயாய் அலைந்தது. அது இருந்தால்தான் வெளிநாட்டுக்காரன் கதவைத் திறப்பான். திங்கட்கிழமை தணிக்கைக்காரர்கள் வருகிறார்கள் என்று வியாழக்கிழமை தெரிந்தது. புதுத் திரைச்சீலை வந்தது. கம்ப்யூட்டர்கள் இருக்கும் குளிர் அறைக்கு வெளியே குவிந்து கிடக்கும் செருப்புகளுக்கு ஒரு ஸ்டாண்டு வந்தது. ஃபைல்களுக்கெல்லாம் கலர் லேபிள் ஒட்டினோம். திங்கட்கிழமைவரை யாரும் ஆபீஸைவிட்டு நகரக் கூடாது என்று ராகவன் சார் சொல்லிவிட்டார், சேவியர் கேட்ட இரண்டு நாளும் அதோடு போயிற்று.

தணிக்கையில் முக்கியமாகப் பார்ப்பது ஒன்று. சரிபார்ப்பில் கிளப்பிய பாயின்ட் ஒவ்வொன்றும் மூடப்பட்டிருக்க வேண்டும். ஒன்றுகூடத் திறந்து கிடக்கக் கூடாது. மூடுவதற்கு மூன்று வழி. வரியைத் திருத்தலாம். நான் திருப்தியாகிற மாதிரி பதில் சொல்லி, நான் வட்டத்தை வாபஸ் வாங்கலாம். இல்லையென்றால் வரியையே எடுத்துவிடலாம்.

ராகவன் சார் மூன்றாவது வழியைக் காட்டினார். வரி இருந்தால்தானே வட்டம், எடுத்துவிடு, இரண்டாம் கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். இரண்டாம் கட்டம் என்பது எங்கள் ஆபீஸில் வராத விருந்தாளி. எல்லோருக்கும் தெரியும்.

சனிக்கிழமை சாயங்காலம் சேவியர் என் மேஜைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மேடம், நீங்க அந்த மார்க்க எடுத்துட்டாப் போதும். வரி அப்டியே நின்னுடும். நான் செவ்வாக்கிழம போயி எல்லாம் கேட்டு எழுதிடறேன். சத்தியமா."

அன்றைக்கு நான் செய்ய வேண்டியிருந்தது ஒரு கையெழுத்து. திருப்தி என்று எழுதி, தேதி போட்டிருந்தால் போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? எனக்குத் திருப்தி இல்லாததைத் திருப்தி என்று எழுதச் சொல்கிறீர்களா சேவியர் என்று கேட்டேன். உங்களுக்கு ஒரு நியாயம், மற்றவர்களுக்கு ஒரு நியாயமா என்றும் கேட்டேன். நேர்மையின் சிகரத்தில் நின்றுகொண்டு பேசினேன்.

அவர் சுவரில் இருந்த பட்டியலை ஒரு தடவை பார்த்தார். பிறகு போய் அந்த வரியை எடுத்துவிட்டுப் புதுப் பிரதி அச்சடித்துக்கொண்டு வந்தார். எழுதியவர் என்ற இடத்தில் அவர் கையெழுத்து. சரிபார்த்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து.

சான்றிதழ் கிடைத்தது. ராகவன் சார் பெரிய கடையிலிருந்து மைசூர்பாகு வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார். தணிக்கைக்காரர் என் ஃபைலைப் பார்த்து, இந்தியாவில் இவ்வளவு சுத்தமான ஸ்பெக் பார்த்ததில்லை என்றாராம். அந்த வாரம் முழுவதும் நான் தரையில் நடக்கவில்லை.

மார்கழியில் ஒரு மதியம்

தீபாவளி கழித்து அந்த மென்பொருள் அடையாறில் ஓட ஆரம்பித்தது. சுகுணாவுக்கு அது பிடிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். பழைய ஆட்களுக்கு எதுதான் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவசரத்துக்கு ஏதோ ஒரு பழைய டோனர் நம்பரைப் போட்டுச் சீட்டு எடுத்து அவர் சமாளித்திருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

மார்கழி மாதம். மயிலாப்பூரில் சபாக்களில் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. சுகுணா அன்று லீவு. அவர் இடத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர். எங்கள் கம்பெனி கொடுத்த பயிற்சியில் அட்சரம் பிசகாமல் தேறியவர்.

செல்வி என்று ஒரு பெண். மீனவக் குப்பத்தைச் சேர்ந்தவர், இரண்டாவது பிரசவம். குழந்தை பிறந்தபின் ரத்தப்போக்கு நிற்கவில்லை. கூட இருந்தவர்கள் அவருடைய அம்மாவும் தங்கையும். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, தங்கை ரத்தசோகைக்காரி, இரண்டு பேரிடமும் எடுக்க முடியாது. கணவர் கடலுக்குப் போயிருந்தார்.

டாக்டர் போன் செய்தார். பொருத்தமான பை குளிர்பெட்டியில் இருந்தது. புது ஆள் நோயாளி பெயரை அடித்தார். கம்ப்யூட்டர் டோனர் நம்பர் கேட்டது. விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போகப் பார்த்தார், போக விடவில்லை. டாக்டர் நேரிலேயே வந்து கத்தியிருக்கிறார். சீட்டு வராமல் பை போகக் கூடாது என்றுதான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், மீறினால் என் வேலை போய்விடும் சார் என்று இவர் அழுதிருக்கிறார். மேனேஜர் அப்போது வெளியே போயிருந்தார். தங்கை குப்பத்துக்கு ஆட்டோவில் ஓடி, வலை பின்னிக்கொண்டிருந்த இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, அவர்களிடம் ரத்தம் எடுத்து, நம்பர் போட்டு, சீட்டு வெளியே வந்தபோது வெகுநேரம் ஆகியிருந்தது.

பை போனது. செல்வி அன்று சாயங்காலம் இறந்துவிட்டார். குழந்தை பிழைத்தது.

நேரத்துக்கு ரத்தம் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டர்கள் நிச்சயமாகச் சொல்லவில்லை. அந்த நிச்சயமின்மையைப் பிடித்துக்கொண்டு நான் சில வருஷம் தூங்கியிருக்கிறேன். அந்த மதியம் குளிர்பெட்டிக்குள் ஒரு பை இருந்தது, அதைத் தர டாக்டருக்கு வழி இருந்தது, அந்த வழியை ஒரு சனிக்கிழமை நாங்கள் அடைத்திருந்தோம். இவ்வளவு நிச்சயம்.

சேவியர் அந்தச் சாவுக்குப் போய்விட்டு வந்தார். குப்பத்தில் யாரோ உறவு முறையில் தெரிந்தவர்கள். ஆபீஸில் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் செருப்பைக் கழற்றும்போது மணல் கொட்டியது, அதைக் கையால் கூட்டி எடுத்துக்கொண்டிருந்தார்.

நீள மேஜை

ஆஸ்பத்திரியில் ஒரு நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். ஒரு பக்கம் மேனேஜர், டாக்டர், சுகுணா. இன்னொரு பக்கம் ராகவன் சார், சேவியர், நான். காரில் வரும்போதே ராகவன் சார் என்னிடம் தனியாகப் பேசியிருந்தார். சேவியரைப் பின்னால் ஆட்டோவில் வரச் சொல்லியிருந்தார். சரிபார்ப்பில் தவறு என்று வெளியே போனால் சான்றிதழ் போய்விடும், எல்லார் வேலையும் போய்விடும், கேட்டால் மட்டும் பதில் சொல்லுங்கள், கேட்டதற்கு மட்டும் சொல்லுங்கள் என்றார். பொய் சொல்லச் சொல்லவில்லை. அவ்வளவு கெட்டிக்காரர்.

அந்த முதல் பிரதி, மூன்று சிவப்பு வட்டத்தோடு, என் அலமாரியில் இருந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு போகவில்லை.

மேனேஜர், உங்கள் மென்பொருள் எங்கள் டாக்டரின் கையைக் கட்டிவிட்டது என்றார். ராகவன் சார், நீங்கள் கையெழுத்துப் போட்ட ஸ்பெக்கில் உள்ளபடிதான் செய்தோம் என்றார். அப்போது சுகுணா குறுக்கிட்டு, நான் இந்தத் தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நோட்டைக்கூடக் காட்டினேன், அவர் எழுதிக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன் என்றார். எல்லோரும் சேவியரைப் பார்த்தார்கள். ராகவன் சார் என் பக்கம் திரும்பினார்.

"வைதேகி, நீங்கதானே வரிக்கு வரி பாத்தீங்க? ஸ்பெக்ல அப்படி ஏதாவது இருந்துதா?"

மேஜையில் இறுதிப் பிரதி இருந்தது. நான் அதன் மேல் கையை வைத்தேன்.

"இதுல ஒவ்வொரு வரியும் நான் பாத்திருக்கேன் சார். அப்படி ஒரு வரி இதுல இல்ல."

சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சுகுணா சேவியரைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். இந்தத் தம்பியை நம்பினேனே என்கிற பார்வை. சேவியர் வாயைத் திறப்பார், என்னைக் கிழித்துத் தோரணம் கட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் டாக்டரைப் பார்த்து, "எடுத்தது என் கைதான் சார்," என்று மட்டும் சொன்னார். எழுதாமல் விட்டது என்று சொல்ல வருகிறார் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். ராகவன் சாருக்கும் எனக்கும்தான் சரியாகப் புரிந்தது. புரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே அலமாரியைத் திறந்து முதல் பிரதியைக் கிழித்தேன். பழைய பிரதிகளை வைத்திருக்கக் கூடாது என்பது சான்றிதழ் விதி. நல்ல வேளையாக அதற்கும் ஒரு விதி இருந்தது.

காரணம் என்கிற கட்டம்

எங்கள் முறைப்படி, ஒரு தவறு நடந்தால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். என்ன நடந்தது, காரணம் என்ன, இனி நடக்காமல் என்ன செய்வீர்கள். 'காரணம்' என்கிற கட்டத்தைச் சரிபார்ப்பவர் எழுத வேண்டும். சம்பந்தப்பட்டவர் படித்துப் பார்த்து, ஒப்புக்கொள்கிறேன் என்று கையெழுத்திட வேண்டும். நான் ஒரு முழு மதியம் உட்கார்ந்து எழுதினேன். அனலிஸ்ட், ரத்த வங்கி ஊழியர் தெரிவித்த அவசரகால நடைமுறையை ஸ்பெக்கில் சேர்க்கவில்லை. ஒரே வாக்கியம். ராகவன் சார் படித்துவிட்டு ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

சேவியரைக் கூப்பிட்டேன். அவர் ஏற்கெனவே ராஜினாமா கொடுத்துவிட்டார், இதில் கையெழுத்து வாங்குவது மட்டும்தான் பாக்கி. இந்தத் தடவை நான் சொல்லாமலே என் எதிரே உட்கார்ந்தார். காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து, விரலை வைத்துச் சொல் சொல்லாகப் படித்தார். இத்தனை வருஷத்தில் அவர் எழுதியதை நான் எத்தனை தடவை படித்திருப்பேன். நான் எழுதியதை அவர் படிப்பது அதுதான் முதல் தடவை.

நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வேறு வழியில்லை சேவியர், எனக்கும் குடும்பம் இருக்கிறது, இப்படி எத்தனையோ. அதற்குப் பதில் மேஜைமேல் இருந்த பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டேன். அவர் இரண்டாவது தடவையும் படித்து முடித்தார். பேனாவுக்குக் கையை நீட்டினார், கொடுத்தேன்.

"நல்லா கீது மேடம்," என்றார். "ஒரு எடத்துலகூட வட்டம் போட முடியாது."

கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடி, மேஜைமேல் என் பக்கமாக வைத்துவிட்டு எழுந்து போனார்.